கடாரத்துக் கல்லைப் பார்க்கப் புறப்பட்ட நாள்

மீன்காரி அதைச் சொன்னபோது என் கையில் பாதி உரித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அவள் மெர்போக் பக்கத்து மலாய்க்காரி. கருவாட்டுக் கூடையோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவாள். கிழங்கு கொடுத்தால் நெத்திலி தருவாள். ஜப்பான்காரன் வந்த பிறகு பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. அன்றைக்கு என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று மலாயில் கேட்டாள். ஆறு என்றேன். தன் மருமகளுக்கும் ஆறுதான், ஆனால் அவள் வீட்டில் அடங்குவதில்லை, ஆற்றோரம் போய் அந்தப் பழைய கல்லின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்றாள்.

"என்ன கல்லு?"

"பழைய கல்லுலா. கோயில் கல்லு. உங்க ஆளுங்க கட்டினதுன்னு சொல்றாங்க."

கையால் காற்றில் படிக்கட்டு மாதிரி வெட்டிக் காட்டினாள். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து தோண்டிப் பார்த்தாராம். பிறகு யாரும் வரவில்லையாம். ஆடு மட்டும் வருகிறதாம்.

கிழங்கு கையிலிருந்து நழுவியது என்று எழுதினால் அது பொய். எனக்கு யோசனை வந்தால் கை வேகமாகும். கூடைக் கிழங்கையும் உரித்து முடித்தேன். ஏழாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: சோழர் படை கடல் தாண்டி வந்து கடாரத்தை வென்றது. அந்தக் கடாரம் நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் கெடாதான் என்று கேள்விப்பட்டபோது வகுப்பே சிரித்தது. ரப்பர் மரத்துக்கு நடுவில் என்ன கடாரம்? நான் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, லூனாசிலிருந்த என் அப்பா அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார். திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி, பேனா பிடிக்கத் தெரிந்தவர், சத்தம் போடாதவர். அப்படி நான் இந்தக் கிராணி வீட்டுப் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

மழை விட்டு ஜெராய் மலை பளிச்சென்று தெரிந்தது. அதன் அடியில்தான் அந்தக் கல். பிள்ளை பிறந்துவிட்டால் அப்புறம் பால், காய்ச்சல், துணி துவைப்பு என்று வருஷக்கணக்கில் வாசல் தாண்ட முடியாது. இப்போதே பார்த்துவிட வேண்டும். வயிற்றில் இருப்பதும் என்னோடு சேர்ந்து பார்க்கட்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்குமேல் எதுவும் இல்லை.

நான் சும்மா ஆசைப்படுகிறவள் இல்லை. திட்டம் போடுகிறவள். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஒரு நாள் முழுக்க வெளியில் போய், இடுப்பு ஒடியாமல் திரும்பி வர என்னென்ன வேண்டும் என்று அந்த மாதம் முழுவதும் யோசித்தேன். கரியில் ஓடுகிற பஸ் ஆகாது. அது மேட்டில் நின்றுவிட்டால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். கூண்டு போட்ட மாட்டுவண்டிதான் சரி, மெதுவாகப் போகும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கடிகாரத்தை நம்பக் கூடாது. அதில் ஜப்பான் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எட்டு மணி என்று அது காட்டும்போது வாசலில் இன்னும் இருட்டு விலகியிருக்காது. ஆகவே சேவல் கூவியதும் புறப்பாடு. முதுகுக்கு ஒரு தலையணை. கால் வீங்குகிறதால் காலுக்கடியில் இன்னொன்று. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அவித்த கிழங்கு, தேங்காய்ச் சம்பல். அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், ரோட்டில் எங்கே புதர் அடர்த்தி, எங்கே வெட்டவெளி என்று தோட்டத்துப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"படிச்ச புள்ளன்னா இப்படித்தான். ஒண்ணுக்குப் போறதுக்கும் பாடம் படிக்குது!"

நடுவில் சுங்கைப் பட்டாணியில் ஒரு நீண்ட ஓய்வு. அங்கே என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பெண்கள் இருக்கும் வீடு, கிணறும் கொல்லையும் உண்டு. அங்கே காலை நீட்டிப் படுத்துவிட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆற்றுப் பாலம் தாண்டி மெர்போக். டவுன் வாசலில் சோதனைச் சாவடி. ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கியே ஆக வேண்டும். வயிற்றோடு இறங்கி ஏறுவது கஷ்டமென்று வண்டியில் உட்கார்ந்தபடியே இடுப்பை மடக்கிக் குனியும் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். கண்ணாடி முன்னால் அதைப் பழகினேன்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது வழக்கம்போல் "பாக்கலாம்" என்றார். அவருடைய "பாக்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனால் அவருடைய அக்கா, எங்களோடு இருக்கிறவர், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கணவரை இழந்தவர். நடை உடை எல்லாம் கண்டிப்பு. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டினால்கூடத் திட்டுவார். அவரைத்தான் நான் பெரிய தடையாக நினைத்திருந்தேன்.

"வயித்துப் புள்ளக்காரி வாய்விட்டுக் கேக்குறா. கூட்டிட்டுப் போயேன் தம்பி."

நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீடே மாறிப்போனது. நான் ஒன்று சொன்னால் அக்கா அதைவிட நன்றாக ஒன்று சொன்னார். தலையணை போதாது, மெத்தை வேண்டும் என்றார். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தாமே புதிதாகத் தைத்தார். உள்ளே போனால் விரட்டினார்.

"கண்ணு பட்டுடும், போ புள்ள. உனக்குன்னு தைக்கிறேன், நீயே பாத்தா எப்படி?"

முடிந்ததும் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. "மெத்துன்னு இருந்தா இடுப்பு பிடிச்சுக்கும். கெட்டியாத்தான் இருக்கணும்" என்றார். பிள்ளை பெறாதவருக்கு இவ்வளவு தெரிகிறதே என்று ஆச்சரியப்பட்டேன். என் வீட்டுக்காரரும் மாறிவிட்டார். சுங்கைப் பட்டாணி உறவுக்காரர் கடையில் சொல்லி வைத்துவிட்டதாகவும் நல்ல மாடு பார்த்துவிட்டதாகவும் அவராகவே வந்து சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் பேச்சை இந்த வீட்டில் இவ்வளவு பேர் காதுகொடுத்துக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாம் மாதம் பிறந்தது. புறப்படுகிறதற்கு முந்தின சாயங்காலம் அக்கா தம்முடைய பெட்டியைத் திறந்து, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை எடுத்து வந்தார். இந்தச் சண்டைக் காலத்தில் கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை அழைத்து, சந்தனம் பூசி, என் இரண்டு கையிலும் அடுக்கினார்.

"என்னக்கா இது, அம்மா இல்லாம வளைகாப்பா?"

"வளைகாப்பு இல்லடி. பயணம் போற புள்ள கை மூளியா இருக்கக் கூடாதேன்னுதான். உங்கம்மா வந்ததும் பெரிசாப் பண்ணிக்கலாம்."

பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி அக்காவை ஒரு மாதிரி பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. நான் கையை ஆட்டி ஆட்டி ஓசை கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் வண்டி வந்தது. தோட்டத்து வண்டிக்காரர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வாய் ஓயாதவர். என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். அக்கா வீட்டில் தங்கிவிட்டார். வண்டி கிளம்பி முதல் மேட்டில் ஏறும்போதே மாடு மூச்சிரைத்தது.

"என்ன தங்கச்சி, உள்ள ரெட்டப் புள்ளயா? மாடு என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குது!"

"நான் என்ன அவ்வளவு கனமா, அண்ணே?"

"கிராணி வீட்டுச் சாப்பாடு அப்படி!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார், முகம் வேர்த்திருந்தது. எனக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். நினைத்ததும் அவர்மேல் ஓர் இரக்கம் வந்தது. "ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க" என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.

சாவடியில் ஒரு மலாய்ப் போலீஸ்காரரும் ஒரு ஜப்பான் சிப்பாயும் நின்றார்கள். சிப்பாய் துப்பாக்கிக் கத்தியால் வண்டியின் பின்பக்கத்து வைக்கோலை இரண்டு தரம் குத்தினான். போலீஸ்காரர் எங்கே போகிறோம் என்று கேட்டார்.

"அவங்கம்மா வீட்டுக்கு, துவான். பிரசவத்துக்கு" என்று மலாயில் சொன்னார் என் வீட்டுக்காரர். என் கையைத் தூக்கி வளையலைக் காட்டினார்.

எதற்கு இந்தப் பொய் என்று தோன்றியது. ஆனால் பழைய கல்லைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதனால்தான் போலிருக்கிறது என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன். சிப்பாய் என்னைப் பார்த்தான். நான் பழகி வைத்திருந்தபடி, உட்கார்ந்த வாக்கிலேயே, இடுப்பை மடக்கி அழகாகக் குனிந்தேன். அவன் ஏதோ முனகிவிட்டுக் கையை அசைத்தான். வண்டி நகர்ந்தது.

"பாத்தீங்களா? நான் பழகினது வீண் போகல!" என்றேன்.

வண்டிக்காரர் வாயே திறக்கவில்லை. அவ்வளவு பேசுகிற மனுஷர்.

கடைக்காரர் வீட்டில் அவருடைய மனைவி என்னைப் பாயில் படுக்கவைத்து, சோளத்தை வறுத்துப் பொடித்த காப்பி கொடுத்தார். மெத்தையை வண்டியிலிருந்து இறக்கி, காற்றாட வைப்பதாகச் சொல்லிப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். கொல்லைக்குப் போக வேண்டுமென்று எழுந்து நடந்தபோது, சாத்தியிருந்த ஓர் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் மழை விழுவதுபோல் ஆரம்பித்து, பிறகு மெத்தென்று அடங்குகிற சத்தம். அதைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் காதுக்குத் தெரிந்துவிட்டது. அரிசி கொட்டுகிற சத்தம்.

கதவைத் தள்ளினேன். என் மெத்தை வயிறு கிழிந்து தரையில் கிடந்தது. மேலே ஒரு அடுக்குப் பஞ்சு, கீழே சின்னச் சின்னப் பைகளாகத் தைத்த அரிசி. கடைக்காரர் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். மூலையில் அதற்கு ஈடாக வந்த சாமான்கள்: வெள்ளைத் துணி, விளக்கெண்ணெய், பிராந்தி ஒரு போத்தல்.

பர்மிட் இல்லாமல் அரிசி கொண்டுவந்து பிடிபட்டவர்களை அந்தச் சாவடியிலேயே வெயிலில் முட்டிபோட வைத்து அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து, மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். அந்தச் சாவடியில்தான் நான் சிரித்துக்கொண்டே குனிந்தேன், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு.

பின்னால் வந்து நின்ற கடைக்காரர் மனைவி, "என்னம்மா, உனக்குத் தெரியாதா? நீயே ஏற்பாடு பண்ணினேன்னு சொன்னாங்களே!" என்றார்.

ஆமாம், நானேதான் ஏற்பாடு பண்ணியிருந்தேன். வண்டி, நேரம், ஓய்வு, வணக்கம், எல்லாம்.

என் வீட்டுக்காரர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சத்தம் போடாத. எல்லாம் உனக்காகத்தான். பிரசவத்துக்குத் துணி வேணும், எண்ணெய் வேணும். வேற எங்க கிடைக்கும்?"

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். உனக்குப் பொய் சொல்ல வராது."

"சொல்லியிருந்தா நானே தச்சிருப்பேங்க. பயத்தோடயாவது உக்காந்திருப்பேன்."

எனக்கு உண்மையிலேயே அப்போதுகூட முழுக் கோபம் வரவில்லை. துணியும் எண்ணெயும் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இந்தக் காலத்தில் எந்த வீடு எதைச் செய்யவில்லை? வெளியே வந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. என் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. இப்போது புறப்பட்டால் நேரத்துக்குப் போய்விடலாம். வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பூட்டுங்க. பாலம் தாண்டி மெர்போக் போக எவ்வளவு நேரமாகும்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"மெர்போக்கா? எனக்குச் சுங்கைப் பட்டாணி வரைக்கும்தானே சொன்னாங்க, தங்கச்சி. மத்தியானத்துக்குள்ள வண்டிய வேலை வாங்குற மண்டோர்கிட்டத் திருப்பிக் குடுக்கணுமே."

அப்போதுதான் வந்தது. கோபம் இல்லை, அதைவிடக் கீழே ஏதோ ஒன்று. கால் வீக்கத்துக்குத் தலையணை வைத்தார்கள், தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினார்கள், புதர் எங்கே என்று நான் கேட்டபோது கூடச் சிரித்தார்கள். அந்த ஆற்றுப் பாலத்தை நான் தாண்டப்போவதே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வண்டிக்காரருக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும். மேட்டில் மூச்சிரைத்த மாட்டுக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் நான் வெறும் பலகையில் உட்கார்ந்து வந்தேன். மெத்தை உறையை மடித்து மூலையில் போட்டிருந்தார்கள். துணி மூட்டைக்குள் அக்காவுக்கு ஒரு புதுச் சேலையும் என் வீட்டுக்காரருக்குச் சிகரெட்டும் இருந்ததைப் பார்த்தேன். கூண்டின் பின்வாசல் வழியாக ஜெராய் மலை தெரிந்தது. வண்டி நகர நகர அது கொஞ்சம்கூடச் சின்னதாகவில்லை.

வீட்டில் அக்கா வெந்நீர் வைத்திருந்தார். "கால நீட்டு, பிடிச்சு விடுறேன்" என்றார். நான் காலை மடக்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எனக்கு அது பெரிய தண்டனை. என் நாக்குக்கு அவ்வளவு நாள் ஓய்வு கிடைத்ததே இல்லை. பிறகு, விடக் கூடாது என்று தோன்றியது. கல் அங்கேயேதான் இருக்கிறது. அவர் ஆபீசுக்குப் போன நேரம் பார்த்து வண்டிக்காரரிடம் போனேன்.

"அண்ணே, எனக்கும் உங்களுக்கும் மட்டும். ஒரே ஒரு தடவை மெர்போக்."

அவர் என் கையைப் பார்த்தார்.

"வளையல் போட்டாச்சே, தங்கச்சி. வளையல் போட்ட புள்ளய ஏத்திக்கிட்டு நான் ஆறு தாண்டினா, நாளைக்கு ஒண்ணுன்னா எல்லாரும் என்னைத்தான் பேசுவாங்க."

"அது வளைகாப்பு இல்லண்ணே! சும்மா..."

"யாரு சொன்னா? உங்க அக்காதான் தண்ணிக் குழாய்கிட்ட எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களே, முடிஞ்சுதுன்னு. தாய் வீட்டுக்குப் போறதுன்னா சொல்லு, அதுக்கு எந்தத் தடையும் இல்ல. இப்பவே பூட்டுறேன்."

நடந்து வரும்போது நின்றுவிட்டேன். வளையல் போட்ட பெண் ஆறு தாண்டக் கூடாது. அந்த வழக்கம் எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவள் நான். ஆனால் செவ்வாய்க்கிழமை நகம் வெட்டவிடாத அக்கா? என்னை உண்மையாகவே மெர்போக் அனுப்புவதாக இருந்தால், பாலம் தாண்டவேண்டிய பயணத்துக்கு முந்தின நாள் அவர் என் கையில் வளையல் போட்டிருப்பாரா? சாவடியில் காட்டத்தான் போட்டார். லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணுக்கும் அன்றைக்கே புரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அக்காவை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இப்போது தெரிந்தது. என் கண் எதிரே, என் கையிலேயே அது எழுதியிருந்தது. நான்தான் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து போட வேண்டிய வளையல். ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை வருகிற சாயங்காலம். அரிசியைக்கூட மன்னித்துவிடலாம்.

அக்காவிடம் கேட்டேன். "பெரிசாப் பண்ணிக்கலாம்னீங்களே?"

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "ரெண்டு தடவ போடக் கூடாது புள்ள. ஆகாது."

"சாவடிக்காகப் போட்டா மட்டும் ஆகுமாக்கா?"

கை நின்றது. மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார்.

அன்றைக்கு மத்தியானம் வண்டிக்காரர் சொன்னதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். தாய் வீட்டுக்குத் தடையில்லை. வளையல் போட்டாகிவிட்டது என்று தோட்டம் முழுக்கச் சொன்னவரே அக்காதான். வளையல் போட்டால் அடுத்தது தாய் வீடு. இனி அதை அவரும் தடுக்க முடியாது, தம்பியும் தடுக்க முடியாது. லூனாஸ் பக்கம் கிழங்கு ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேன்: வளையல் போட்டாச்சு, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

பதிலும் வாய்வார்த்தையாகவே வந்தது. அப்பா தம் தோட்டத்து வண்டியோடு வருகிறார். வழியில் ஓர் இரவு தங்கி, நாளை விடியற்காலை இங்கே வந்து சேர்வாராம். தன்னைக் கேட்காமல் எப்படி வளையல் போட்டார்கள் என்று அம்மா ஓர் அழுகை அழுதாளாம்.

மெர்போக், லூனாசுக்கு நேர் எதிர்த்திசை. ஒரு முழு நாள் கூடுதல். இந்தத் தடவை திட்டத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வண்டியில் வைக்கோலை நானே பரப்பப்போகிறேன், அடிவரை கையை விட்டுப் பார்த்து. கிழங்கும் நானே அவிப்பேன். எந்தப் பாலம், எந்தத் திருப்பம் என்று மீன்காரியிடம் மறுபடி கேட்டாகிவிட்டது. தன் மருமகளை ஆற்றங்கரையில் நிற்கச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

மிச்சம் அப்பாதான். அவர் பிடிவாதக்காரர். மகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பதைத் தவிர வேறெதுவும் அவர் தலையில் ஏறாது. வயிற்றுவலி என்றோ, அந்தப் பக்கம் நல்ல மருத்துவச்சி இருக்கிறாள் என்றோ சொன்னால் உடனே திருப்புவார். எனக்குப் பொய் சொல்ல வராது என்று என் வீட்டுக்காரர் சொன்னார், ஆனால் இப்போது வரும். நன்றாகவே வரும். ஆனாலும் வேண்டாம். நாளைக் காலை பெரிய ரோட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, கடாரத்துக் கல்லைப் பார்க்க வேண்டும், ஆறு தாண்ட வேண்டும், கையில் வளையல் இருக்கிறது, கூட்டிப் போகிறீர்களா என்று உள்ளது உள்ளபடி கேட்டுப் பார்க்கப்போகிறேன்.